‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிப்போடலாமா?

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தலைகாட்டுகிறது. நேற்றுவரை நண்பர்களோடு சுற்றிய மகன் அறைக்குள் முடங்குகிறான். குளிப்பதில்லை, இரவில் உறங்குவதில்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்துகிறான். வீட்டில் முதலில் ‘வயசுக் கோளாறு’ என்கிறார்கள், பிறகு ‘பரீட்சை பயம்’, அப்புறம் ‘செய்வினை’. மந்திரித்துக் கயிறு கட்டி, கடைசியில் மனநல மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் மாதங்கள், சில வீடுகளில் வருடங்களே ஓடிவிடுகின்றன. அந்தக் காலம் சும்மா கழிவதில்லை. படிப்பையும் நட்பையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நார்வேயின் ரோகலான்ட் பகுதி சாட்சி. 1997 முதல் அங்கே பத்திரிகை, வானொலி, பள்ளிகள் வழியாக நோயின் அறிகுறிகளை மக்களுக்குச் சொன்னார்கள். யார் அழைத்தாலும் உடனே வந்து பார்க்கும் குழுக்களையும் அமைத்தார்கள். ஒப்பிட்ட மற்ற பகுதிகளில் சிகிச்சை தொடங்க இடைநிலை அளவாக 16 வாரங்கள் ஆயின. ரோகலான்டில் 5 வாரங்கள்தான். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அங்கே சுமார் 31 சதவீதத்தினர் குணமடைந்திருந்தார்கள். மற்ற பகுதிகளில் 15 சதவீதத்தினரே. விளம்பரத்தை நிறுத்தியதும் தாமதம் மறுபடி ஏறியது.

‘அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதற்கெல்லாம் டாக்டரா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோபித்துக்கொண்ட பிள்ளை நாலு நாளில் நண்பர்களிடம் திரும்பிவிடும். தூக்கம், சாப்பாடு, படிப்பு, பழக்கம் எல்லாம் ஒருசேரக் குலைந்து, வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்த்தாலே மாத்திரை என்றும் இல்லை. பேசிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவரே அனுப்பிவைக்கவும் கூடும். ‘வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்குமா?’ என்ற அச்சமும் உண்மையானது. ஆனால் கவனிக்காமல் முற்றவிட்ட நோயை எந்த வீட்டாலும் மறைத்து வைக்க முடியாது. மத நம்பிக்கையும் சிகிச்சைக்குத் தடையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவா எனும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்க வழி செய்யப்பட்டது.

உதவி எட்டாத தூரத்தில் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆனால் எண் இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? போலியோ சொட்டு மருந்துக்குத் தெருத்தெருவாகச் சொன்ன அரசு, இதையும் ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண்டுதோறும் விடாமல் சொல்ல வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ரோகலான்ட் காட்டிவிட்டது.