கார் வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

கோம்பையிலிருந்து உத்தமபாளையம் பத்து கிலோமீட்டருக்குள். பண்ணைப்புரம் பக்கத்து ஊர். தேனிக்குப் போய்த் திரும்பினாலும் சுமார் எண்பது கிலோமீட்டர்தான். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்துக் காரின் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இந்த ஓட்டக் கணக்குதான். ஆனால் ஷோரூமில் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்: "வீட்டுக்கு எந்த சார்ஜர் சார்? மூணு புள்ளி மூணா, ஏழு புள்ளி ரெண்டா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைக்கிறோமே தவிர, உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம், பேட்டரி ஏற்பது நேர்மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியைக் கார்க் கம்பெனியே வண்டிக்குள் பொருத்தி அனுப்புகிறது. சுவர்ப் பெட்டியின் வேலை மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கோளாறு என்றால் துண்டிப்பதும்தான். காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் கருவி என்றால், வெளியே 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3 வேகத்தில்தான் ஏறும். கூடுதலாகக் கொடுத்த பணம் சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

2022இல் வந்த டாடா டியாகோ மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 24 யூனிட் பேட்டரியைப் பத்து சதவீதத்திலிருந்து முழுவதும் நிரப்ப, சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் சுமார் 8.7 மணி நேரமும், 7.2 கிலோவாட் பெட்டியில் 3.6 மணி நேரமும் ஆகும் என்று கம்பெனி சொன்னது. வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால், ஆறு யூனிட் போதும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் ஆறரை. 3.3 கிலோவாட்டில் அது இரண்டு மணி நேர வேலை. இரவு பத்து மணிக்குச் செருகினால் நள்ளிரவில் முடிந்துவிடும். குமுளி மலைக்கு ஏறிப் போகிறவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை டன் வண்டியை ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய இரண்டு யூனிட் செலவாகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

ஆகவே சிறிய கார், உள்ளூர் ஓட்டம் என்றால் 3.3 போதும். பெரிய பேட்டரி உள்ளவர்களுக்கும், இன்று மதுரை, நாளை கோவை என்று அலைகிறவர்களுக்கும் கணக்கு வேறு. மஹிந்திரா 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களில் 59, 79 யூனிட் பேட்டரிகள் உண்டு. 79 யூனிட்டை 15 ஆம்ப் பிளக்கில் நிரப்ப ஒரு முழு நாளே ஆகிவிடும். அந்தக் கார்களுக்கு 7.2 கிலோவாட் பெட்டி ஐம்பதாயிரம், 11.2 கிலோவாட் பெட்டி எழுபத்தைந்தாயிரம் என்று கம்பெனி அப்போது தனி விலை வைத்தது. 11.2க்கு வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். 7.2 வகைகள் பெரும்பாலும் ஒரே ஃபேஸிலிருந்து 32 ஆம்ப் இழுப்பவை. வீட்டில் மூன்று ஃபேஸ் இருந்தாலும் பாரம் முழுவதும் ஒன்றின் தலையில்தான் விழும். ஏசியும் தண்ணீர் மோட்டாரும் ஏற்கெனவே அதே ஃபேஸில் இருந்தால், அவற்றை மாற்றிப் பிரித்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

இனி வயருக்கு வருவோம். வீட்டு கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் அதே அளவு கரண்டை விடாமல் எட்டு மணி நேரம் இழுக்கும். கீசருக்குத் தாங்கிய சாக்கெட் இதற்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால்கூட அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு கருகும். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுப்பதுதான் முறை. 3.3க்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 7.2க்குக் குறைந்தது 6. அந்த லைனுக்குத் தனி எம்சிபி, அதோடு 30 மில்லிஆம்ப் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி. அதுவும் 'ஏ' வகை என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை, கார் சார்ஜரில் வரக்கூடிய நேர்மின் கசிவைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுக் காரை ஏற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இதையெல்லாம்விடப் பல வீடுகளில் காலை வாருவது எர்த். கார் வந்த முதல் நாள், கேபிளைச் செருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும். வண்டி ஏறாது. காரில் கோளாறு என்று ஷோரூமுக்குப் போன் போகும். பெரும்பாலும் கோளாறு வீட்டு எர்த்தில் இருக்கும். எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் தராதபடிதான் இந்தப் பெட்டிகள் செய்யப்படுகின்றன.

"நம்ம வீட்டு எர்த்துல பல்பு எரியுதே" என்பார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது ஊர்ப்புற வழக்கம். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பைவிடக் குறைவு. எர்த்தின் தடை ஐம்பது ஓம் இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். காருக்கு வேண்டியதோ ஐந்து ஓமை ஒட்டிய எர்த். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்றாவது பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட் என்றால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் வேலை இருக்கிறது. மண் காய்ந்தால் எர்த் குழியும் காயும். ஐப்பசியில் சரியாக இருந்த எர்த் சித்திரையில் பல்லிளிப்பது இதனால்தான். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும், காருக்கென்று புது எர்த் பைப் இறக்குவதும் சுவர்ப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

லோ வோல்டேஜ் இன்னொரு தொல்லை. தோப்பு மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜ் 190க்கு இறங்கினால், 32 ஆம்ப் பெட்டி 7.2க்குப் பதில் 6 கிலோவாட்தான் தரும். இன்னும் இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும். அந்த நேரத்தைத் தவிர்த்து ஏற்றுவதே எளிய வழி.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்? மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 310 யூனிட் ஆகும். ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீடு 610க்குப் போகும். ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப் படியில் கிடைத்த சலுகையும் குறைந்து, கூடுதல் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் போய்விடும். அப்படியும் பில் ஏறுவது ஏறக்குறைய 2,300 ரூபாய். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு அதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆகும்.

வீட்டு இணைப்பிலேயே காரை ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. வேண்டுமென்றால் காருக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம் என்று 2024 பிப்ரவரியில் நுகர்வோர் விதிகளைத் திருத்தினார்கள். ஆனால் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பம்புசெட்டுக்கு வந்த இலவச இணைப்பில் காரைச் செருகினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாத பயன்பாடு. கணக்குப் போட்டு இரண்டு மடங்கு கட்டணம் கேட்பார்கள்.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கு யோகம். மூன்று கிலோவாட் அமைப்பு சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு. மலையடிவார ஊர்களில் மேற்கு வெயில் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதைத் தகடு வைக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

செல்போனிலிருந்து நேரம் குறித்து இயக்கும் 'ஸ்மார்ட்' பெட்டிக்கு அதிகம் கேட்பார்கள். பிரிட்டனில் வீட்டுச் சார்ஜர்கள் நெரிசல் நேரத்தைத் தவிர்த்து இயங்கும்படி இருக்க வேண்டும் என்று 2022இலேயே விதி வந்துவிட்டது. அங்கே இரவு மின்சாரம் மலிவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குப் பகலும் இரவும் ஒரே கட்டணம் என்பதால், இப்போதைக்கு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பெட்டி திறந்த வெளியில் இருக்கப்போகிறது என்றால் மழை, தூசி தாங்கும் ஐபி 65 தரம், ஐஎஸ் 17017 முத்திரை, மின்னலுக்கு ஒரு சர்ஜ் தடுப்பான் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கார் நிறுத்த இடமில்லாமல் தெருவில் விடுகிறவர்கள், நடைபாதையின் குறுக்கே வயரை இழுத்து ஏற்றும் யோசனையைக் கைவிட வேண்டும். வாசலை ஒட்டி நிழலாக ஓர் இடம் கிடைத்த பிறகு கார் வாங்குவதே சரி. மற்றவர்கள் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து, மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் வரை வயர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு மனுக் கொடுத்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.