மூன்றாம் மணியா, ஆறாம் மணியா?

இயேசு சிலுவையில் அறையப்பட்டது மூன்றாம் மணி வேளையில் என்கிறது மாற்கு சுவிசேஷம் (15:25). யோவான் சுவிசேஷத்திலோ, ஏறக்குறைய ஆறாம் மணி வேளையில்தான் ரோம ஆளுநரான பிலாத்து அவரை மக்கள் முன் நிறுத்துகிறான் (19:14). தீர்ப்புக்கு முன்பே தண்டனை நிறைவேறியிருக்க முடியாது. இந்தச் சிக்கலை அணுக, அந்தக் காலத்து மணிக்கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூரியன் உதித்தது முதல் மறைவது வரையிலான பகலைப் பன்னிரண்டு பங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மணி என்றார்கள். ஆகவே மணியின் நீளம் பருவத்துக்குப் பருவம் மாறியது. எருசலேமில் அது கோடையில் இன்றைய 70 நிமிடத்தை ஒட்டி நீளும்; குளிர்காலத்தில் 50 நிமிடமாகச் சுருங்கும். யூதரின் பஸ்கா பண்டிகையை ஒட்டியே இயேசு சிலுவையில் அறையப்பட்டார்; அது வரும் வசந்தகாலத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். எனவே மூன்றாம் மணி காலை 9, ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் 3. இயேசு சிலுவையில் இருந்தபோது இருள் சூழ்ந்ததாக மாற்கு சொல்லும் நேரம் 12 முதல் 3 வரை. பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் நடக்கும் மும்மணி ஆராதனைக்கு அடிப்படை இதுவே.

மாற்குவையும் யோவானையும் இணைக்கப் பல விளக்கங்கள் உண்டு. யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணினார், அவருடைய ஆறாம் மணி காலை 6 என்பது ஒன்று. ரோமரின் சட்டநாள் நள்ளிரவில் தொடங்கியது உண்மைதான். ஆனால் பகலின் மணிகளை அவர்களும் உதயத்திலிருந்தே எண்ணினார்கள். அவர்களுடைய சூரியக் கடிகாரத்தில் நண்பகல்தான் ஆறு. மேலும், விடிந்த பிறகே இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனதாக மாற்கு சொல்வதால், 6 மணிக்குள் விசாரணை முடிந்திருப்பது கடினம்.

படியெடுத்தவர்களின் பிழை என்பது இரண்டாவது விளக்கம். கிரேக்கத்தில் எண்களை எழுத்துகளால் குறிப்பார்கள். மூன்றுக்கும் ஆறுக்கும் உரிய எழுத்துகள் ஒத்த வடிவின. யோவானின் சில பிரதிகளில் 'மூன்றாம் மணி' என்றே உள்ளது. ஆனால் பெரும்பாலான பிரதிகளில் இருப்பது 'ஆறு'. முரண்பாட்டை நீக்கவே யாரோ 'மூன்று' என்று திருத்தியிருக்கவும் கூடும்.

கடிகாரம் இல்லாதவர்கள் பகலை நான்கு பெரும்பொழுதுகளாகவே உணர்ந்தார்கள் என்பது மூன்றாவது. காலை 9-க்கும் நண்பகலுக்கும் நடுவில் நடந்ததை ஒருவர் மூன்றாம் மணியோடும் இன்னொருவர் ஆறாம் மணியோடும் சேர்த்துச் சொல்லலாம். 'ஏறக்குறைய' என்ற யோவானின் சொல் இதற்கு இடம் தருகிறது.

வேறுபாடு மணியோடு நிற்கவில்லை. மாற்குவில் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து. யோவானில் பஸ்கா விருந்துக்கு முன்பே, ஆட்டுக்குட்டிகள் பலியாகும் நாளிலேயே இயேசு இறக்கிறார். அவரைப் பலியாட்டுக்குட்டியாகக் காட்டவே யோவான் காலத்தை இப்படி அமைத்தார் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

இயேசு இறந்தது முதல் உயிர்த்தெழுந்தது வரை 'மூன்று நாள்' என்பதும் அந்தக் காலக் கணக்கே. யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். நாளின் ஒரு பகுதியும் முழு நாளாக எண்ணப்படும். பழைய ஏற்பாட்டில் எஸ்தர் இரவும் பகலும் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளிலேயே அரசன் முன் போய் நிற்கிறாள். அதே முறையில் வெள்ளி பிற்பகல், சனி, ஞாயிறு விடியல் ஆகியவை மூன்று நாள்.

பிலாத்து ஆளுநராக இருந்த கி.பி. 26–36 காலத்தில், ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் இயேசு இறந்தார் என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றுபடுகின்றன. மணிக்கணக்கில் உள்ள இடைவெளியை மூன்றாவது விளக்கம் பெருமளவு குறைக்கிறது. எந்த விளக்கமும் அதை முழுவதுமாக அடைத்துவிடவில்லை.