கூடுதல் ரயிலுக்கு இடம் எங்கே?

விருதுநகரில் கிளம்பும் ரயில் பாதை சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைகிறது. சுமார் 130 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஒற்றைப் பாதைதான். போகிற ரயிலும் வருகிற ரயிலும் அதன்மேலேயே ஓட வேண்டும். சிமெண்ட் ஆலைக்குப் பெயர்பெற்ற ஆலங்குளத்தில் ரயில் நிலையம் கிடையாது. அங்கிருப்பவர்கள் பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வந்துதான் ரயில் ஏறுகிறார்கள். அதனால் ‘கூடுதல் ரயில்’ என்ற செய்தி இந்தப் பக்கத்து ஊர்களில் உடனே பரவிவிடும். அது வாரம் மும்முறை ரயில் என்றால் கூடவே ஒரு கேள்வியும் எழும்: ஏன் மும்முறை மட்டும்? தினமும் விட்டால் என்ன?

இதற்கான விடையின் முதல் பாதி ஒரு வரைபடத்தில் இருக்கிறது. நாம் பார்க்கிற கால அட்டவணை, எண்கள் நிறைந்த பட்டியல். ரயில்வேக்காரர்களுக்கு அது முதலில் ஒரு படம். தாளின் குறுக்கே 24 மணி நேரம். மேலிருந்து கீழாக, தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில், நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தை நெருங்கினால் வேகமான ரயில். படுத்திருந்தால் ரயில் நிலையத்தில் நிற்கிறது. பாரிஸ்–லியோன் பாதைக்கு இப்படி வரையப்பட்ட படத்தை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே தம் நூலில் வெளியிட்டார். இம்முறையை இப்ரி என்ற பொறியாளரின் பெயரால் குறிப்பிட்டார். இன்று கணினித் திரையில் வரையப்படுவதும் அடிப்படையில் அதே படம்தான்.

எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் அந்தப் படத்தில் எங்காவது வெட்டிக்கொள்ளும். இரட்டைப் பாதையில் அது எங்கே நடந்தாலும் கவலையில்லை. ஒற்றைப் பாதையில் அந்த வெட்டுப்புள்ளி, கிராஸிங் வசதியுள்ள நிலையத்தின்மேல்தான் விழ வேண்டும். வயல் வரப்பில் எதிரெதிரே நடந்து வரும் இருவரில் ஒருவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்பதைப் போல, ஒரு ரயில் முன்னதாகவே வந்து பக்கத் தண்டவாளத்தில் நிற்க வேண்டும். ‘கிராஸிங்குக்காக நிற்கிறது’ என்று பயணிகள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் ஒரு நாளில் எத்தனை ரயில் விடலாம்? இந்திய ரயில்வேயில் ஸ்காட் சூத்திரம் என்ற எளிய கணக்கு உண்டு. இரண்டு கிராஸிங் நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் கடக்க அதிக நேரம் பிடிப்பது எதுவோ, அதுவே முழுப் பாதையின் கொள்திறனையும் தீர்மானிக்கிறது. மெதுவான ரயில் அந்தப் பகுதியைக் கடக்க 15 நிமிடம், அடுத்த ரயிலுக்கு அனுமதி வாங்கிக் கொடுக்க 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் 1,440 நிமிடங்களை 20-ஆல் வகுத்தால் 72. பராமரிப்பு, தாமதம் இவற்றுக்கு ஒதுக்கி 70 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இரு திசைக்கும் சேர்த்து ஏறக்குறைய 50 ரயில்.

இப்போது அந்தப் பகுதியின் நடுவில் ஒரு புதிய கிராஸிங் நிலையம் அமைக்கப்படுகிறது என்று கொள்வோம். கடக்கும் நேரம் 15-லிருந்து ஏழரை நிமிடமாகக் குறைகிறது. அதே கணக்கைப் போட்டால் 80 ரயில்! முழு நீளத்துக்கு இரண்டாவது பாதை போடாமல், தடையாக இருந்த ஓர் இடத்தைச் சரிசெய்ததிலேயே இவ்வளவு இடம் கிடைக்கிறது. அடுத்தபடி நேரம் பிடிக்கும் பகுதி அதன் பிறகு புதிய எல்லையாகும்; அதையும் சரிசெய்தால்தான் இந்த 80 முழுதாகக் கைக்கு வரும்.

பாதையில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, பெட்டிகளும் வேண்டும். சென்னை எழும்பூர்–செங்கோட்டை பொதிகை தினமும் ஓடுகிறது. சிலம்பு வாரம் மும்முறை. இரவு சென்னையில் கிளம்பும் ஒரு பெட்டித் தொடர் காலையில் செங்கோட்டை சேர்ந்து, அன்று மாலை திரும்பினால், மறுநாள் காலைதான் சென்னை வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு இரவு. ஆகவே ஒரே தொடரை வைத்து ஏழு நாளில் மூன்று சுற்றுதான் முடியும். தினசரி ஓட்ட இரண்டு தொடர்கள் வேண்டும். ‘வாரம் மும்முறை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு எளிய வகுத்தல் இருக்கிறது. முதலில் மானாமதுரை வரை ஓடிய சிலம்பு பிறகு செங்கோட்டைக்கு நீட்டிக்கப்பட்டதைப் போல, இருக்கிற ரயிலை நீட்டித்தும் சேவையைக் கூட்டலாம்.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் புதிய ரயில் அறிவிப்பைப் படிக்கும் விதமே மாறிவிடும். முதலில் ரயிலின் ஐந்திலக்க எண்ணைப் பாருங்கள். 0-வில் தொடங்கினால் சிறப்பு ரயில். குறித்த காலத்துக்கு மட்டும் ஓடுவது, அறிவித்தால்தான் தொடரும். 1 அல்லது 2 என்றால் வழக்கமான நெடுந்தூர ரயில். 5 என்றால் பாசஞ்சர். அடுத்து, ஓடும் நாட்கள். மூன்றாவதாக, நிற்கும் ஊர்கள்.

நான்காவது விஷயம் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. படத்தில் ஒரு புதிய கோடு நுழைந்தால் பழைய கோடுகள் சில நகர வேண்டியிருக்கும். தினமும் ஏறுகிற பாசஞ்சர் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பும். அல்லது கிராஸிங்குக்காகக் கூடுதலாக நிற்கும். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் ரயிலைப் பிடிப்பதையும் விடுவதையும் முடிவுசெய்கிறது. புதிய கால அட்டவணை பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் ஜனவரி 1-இல் வந்தது. இடையில் நடக்கும் மாற்றங்கள் செய்திக்குறிப்பாக வருகின்றன. புதிய ரயிலின் நேரத்தோடு, அதற்காக நகர்த்தப்பட்ட ரயில்களின் நேரத்தையும் அதே குறிப்பில், அதே அளவு எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும். ரயில் நிலையத்தில் ஒட்டுவதைப் பஸ் நிலையத்திலும் ஒட்ட வேண்டும்.

நாம் கொடுக்கும் மனுக்களும் கூர்மையாகலாம். ‘கூடுதல் ரயில் வேண்டும்’ என்பதோடு நிறுத்தாமல், இந்தப் பாதையில் கடக்க அதிக நேரம் பிடிக்கும் பகுதி எது, அங்கே கிராஸிங் நிலையம் எப்போது வரும், செங்கோட்டையில் பகல் முழுக்க நிற்கும் பெட்டிகளை வைத்து மதுரைக்கு ஒரு நடை ஓட்ட முடியுமா என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் சொல்லி முடித்துவிட முடியாது. நிமிடங்களில்தான் விடை தர வேண்டும்.