தூணில் முதுகு சாய்த்து

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் படிக்கும் பதினாறு வயதுச் சீனப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை மணி, சுரங்க ரயிலுக்காக நிற்கிறாள். மற்றவர்கள் நடைமேடை ஓரம்வரை போய் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். இவள் மட்டும் தூணில் முதுகை ஒட்டவைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறாள். வண்டி நின்று கதவு திறந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். 2022 ஜனவரியில் டைம்ஸ் சதுக்க நிலையத்தில் ஆசியப் பெண் ஒருவர் தண்டவாளத்தில் தள்ளப்பட்டு இறந்தார். தள்ளியவரைத் தூண்டியது இனவெறுப்புதான் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் ஆசியர்கள்மீது நடந்த தாக்குதல்களைப் பற்றிப் பார்த்ததும் கேட்டதும் பயப்படப் போதுமானதாக இருந்தன. ஓரத்தில் நிற்காதே, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார் என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இந்தப் பெண்ணுக்கு இருப்பது நோயா, எச்சரிக்கையா? இதைப் புரிந்துகொண்டால், கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு அமெரிக்காவின் சிறுபான்மை இனப் பிள்ளைகளிடம் காணப்படும் பதற்றம் என்னவென்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஆபத்து என்று தோன்றியதும் மூளை உடம்பு முழுவதற்கும் ஆணை போடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலேறுகிறது, வயிற்றைப் பிசைகிறது, கை சில்லிடுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்யும் நல்ல ஏற்பாடு இது. ஆபத்து விலகியதும் அடங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் அடங்காமல் இருந்து, தூக்கத்தையும் படிப்பையும் நட்பையும் தின்னத் தொடங்கும்போதுதான் மருத்துவர்கள் அதைப் பதற்றக் கோளாறு என்கிறார்கள்.

அதைத் தீனி போட்டு வளர்ப்பது தவிர்த்தல். இன்று வயிற்றுவலி, பள்ளிக்குப் போகவில்லை என்றால் அந்த நிமிடமே நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் மூளைக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது: போகாததால்தான் பிழைத்தாய். நாளைக்குப் பயம் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். பெருந்தொற்றின்போது இந்தத் தவிர்த்தலையே அரசாங்கம் கட்டளையாகப் போட்டது. அன்று அது சரியான கட்டளைதான். ஆனால் கூச்ச சுபாவமுள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றரை வருடம் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் பதினைந்து வயதில் பள்ளி வாசலுக்கு வந்து நின்றால், அந்த வாசல் எவ்வளவு உயரமாகத் தெரியும்! அமெரிக்கப் பள்ளிகளில் வருடத்தின் பத்தில் ஒரு பங்கு நாட்களோ அதற்கு மேலோ வராமல் நின்ற மாணவர்கள், தொற்றுக்கு முன் 100க்கு 15 பேர். 2021-22இல் 28 பேர். எல்லாவற்றுக்கும் பதற்றம் காரணமில்லை. பதற்றத்துக்கும் அதில் பங்குண்டு.

இதுவரை சொன்னது எல்லா இனப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். கறுப்பினம், லத்தீன் அமெரிக்க வம்சாவளி, ஆசிய வம்சாவளி, பூர்வகுடி ஆகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னும் சில பாரங்கள் ஏறின.

முதல் பாரம் சாவு. 2020 மார்ச் கடைசியில் குயின்ஸின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்தார்கள். உடல்களை வைக்கக் குளிர்சாதன லாரியை வெளியே நிறுத்தினார்கள். சுற்றிலும் குடியேறியவர்கள் நெருக்கமாக வாழும் தெருக்கள். கடை, சமையலறை, டெலிவரி, முதியோர் பராமரிப்பு என்று வீட்டிலிருந்தபடி செய்ய முடியாத வேலைகள். அப்பா வேலைக்குப் போய்த் திரும்பும் கதவுச் சத்தமே பயமான வீடுகள் அவை. 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூன் வரை அமெரிக்காவில் 1,40,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்களை வளர்த்த பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ இழந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் 65 சதவீதம் சிறுபான்மை இனத்தவர். வெள்ளையினப் பிள்ளையோடு ஒப்பிட்டால், பூர்வகுடிப் பிள்ளைக்கு இந்த இழப்பு நேரும் வாய்ப்பு நாலரை மடங்கு.

அந்த நாலரை மடங்கு என்னவென்று பார்க்க நவஹோ பூர்வகுடியினரின் நிலத்துக்குப் போக வேண்டும். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரவிக் கிடக்கும் வறண்ட பூமி. ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. வண்டியில் பீப்பாய் ஏற்றிப்போய் நிரப்பி வருவார்கள். இருபது விநாடி கை கழுவுங்கள் என்ற அறிவுரை அங்கே போய்ச் சேர்ந்தபோது அதைக் கடைப்பிடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். 2020 மே மாதம் மக்கள்தொகை விகிதத்தில் தொற்று நியூயார்க் மாநிலத்தையே மிஞ்சியது. அங்கே பாட்டி போனால் ஒரு ஆள் மட்டும் போவதில்லை. குலக் கதைகளும், சடங்கின் முறையும், பேரன் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் திருத்திக்கொடுக்கும் மொழியும் அவளோடு போகின்றன. நாம்தான் வெளியே போய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோமோ என்ற கேள்வி ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குள் விழுந்தால் அதை யாரிடம் கேட்பான்? துக்கமும் குற்றவுணர்வும் கலந்த இந்தப் பதற்றத்துக்குச் சோதனைத் தாளில் தனிக் கட்டம் கிடையாது.

இரண்டாவது பாரம் வெறுப்பு. நாட்டின் அதிபரே கொரோனாவைச் சீன வைரஸ் என்று சொன்ன காலம். ஆசியர்கள்மீதான வசவு, எச்சில் துப்பல், அடிதடி ஆகியவற்றைப் பதிவு செய்ய 2020 மார்ச்சில் தொடங்கிய ‘ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்’ அமைப்புக்கு முதல் ஒரு வருடத்திலேயே 3,795 புகார்கள் வந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இன் முதல் பாதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது, பள்ளிப் படிப்புக் காலத்தில் எப்போதாவது இனப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 36 சதவீதம். ஆசிய மாணவர்களில் மட்டும் 64, கறுப்பின மாணவர்களில் 55. பள்ளி திறந்துவிட்டதே, இன்னும் என்ன பயம் என்று இவர்களிடம் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தடுப்பூசி வைரஸுக்குத்தான். பக்கத்து இருக்கைக்காரரின் பார்வைக்குத் தடுப்பூசி இல்லை.

இவ்வளவு இருந்தும் மருத்துவரிடம் வருவதில் ஆசியக் குடும்பங்கள்தாம் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. மனசுக்கு வைத்தியம் என்றால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் நமக்கும் தெரிந்ததுதானே. பல பிள்ளைகள் தலைவலி, வயிற்றுவலி என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராத வீட்டில், மருத்துவமனைத் தொலைபேசிக்கும் வாடகைக் கடிதத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் அந்தப் பிள்ளைதான். தன் பயத்தைப் பற்றி மருத்துவர் சொல்வதையும் அவளே மொழிபெயர்த்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை அதை முழுசாகச் சொல்லும்?

பதற்றத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இரண்டு வாரமாக எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 21க்கு 10ஐத் தொட்டாலே மேற்கொண்டு விசாரிப்பார்கள். அதில் கடைசிக் கேள்வி, ஏதோ பயங்கரம் நடந்துவிடும் என்ற பயம் இருக்கிறதா என்பது. எல்ம்ஹர்ஸ்ட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயங்கரம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆலோசகர் பாதியைத்தான் பார்க்கிறார். அப்படிக் கேட்க நேரமும் வேண்டும். அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது பரிந்துரை. 2021-22இல் நடப்புச் சராசரி 400ஐத் தாண்டியிருந்தது.

இதற்கு வைத்தியம் உண்டு, பலிக்கவும் செய்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் பேச்சு சிகிச்சையில், பயப்படும் காரியத்தைச் சிறு சிறு படிகளாகச் செய்யப் பழக்குவார்கள். பயம் ஏறும், சிறிது நேரத்தில் தானே இறங்கும் என்பதை உடம்பு தன் அனுபவத்தில் கற்றுக்கொள்ளும். ஆனால் சிறுபான்மைப் பிள்ளையிடம் ஓர் இடத்தில் கவனம் தேவை. எல்லாமே உன் மனப்பிரமை என்று சொல்லிவிடக் கூடாது. தெருவில் திட்டு வாங்கியது பிரமையல்ல. அனுபவமுள்ள ஆலோசகர் முதலில் நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்வார். பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து பிரிப்பார்: எது நிஜமான ஆபத்து, எங்கே பயம் அதைவிடப் பெரிதாக வீங்கி நிற்கிறது என்று.

குயின்ஸ் பெண்ணிடம் இது எப்படிப் போகும்? முதல் வாரம் அண்ணனோடு ஒரு நிறுத்தம். அடுத்த வாரம் தோழியோடு இரண்டு. பிறகு தனியாக, கூட்டம் குறைந்த நேரத்தில். கடைசியில் காலை ஏழரை மணிக் கூட்டத்தில், பள்ளி வரைக்கும். தூணை விட்டு வா என்று யாரும் அவளிடம் சொல்லப்போவதில்லை. தூணில் சாய்ந்தே நிற்கட்டும், வண்டி வந்ததும் ஏறினால் போதும்.