ஊரைக் கொன்றது யார்? எல்லைக் கோட்டில் ஒரு ‘பேய் ஊர்’!

ஓட்டல் இருக்கிறது, சாப்பாடு இல்லை. பெட்ரோல் பங்க் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. லாட்ஜ் இருக்கிறது; தங்க ஆள் இல்லை!

இப்படி ஒரு ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் கிளென்ரியோ. டெக்சாஸ், நியூ மெக்சிகோ ஆகிய 2 மாநிலங்களின் எல்லைக் கோடு இந்த ஊருக்கு நடுவே ஓடுகிறது.

பெயரே வேடிக்கையானது. ‘கிளென்’ என்றால் பள்ளத்தாக்கு. ‘ரியோ’ என்றால் ஸ்பானிஷ் மொழியில் ஆறு. ஆனால் அங்கே பள்ளத்தாக்கும் கிடையாது, ஆறும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பொட்டல்வெளிதான்!

66-ம் நம்பர் ரோடு

ரெயில் பாதை வந்ததால் முளைத்த ஊர் இது. 1926-ல் 66-ம் நம்பர் நெடுஞ்சாலை பிறந்ததும் ஊருக்கு யோகம் அடித்தது. சிகாகோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 2,448 மைல் நீளம். 8 மாநிலங்களைக் கடந்து போன ரோடு அது.

1930-களில் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்தது. நிலத்தை விட்டுப் பிழைப்பு தேடிக் கிளம்பிய விவசாயக் குடும்பங்கள், சட்டி பானையைக் கட்டிக் கொண்டு இந்த வழியாகத்தான் மேற்கே போயின. பிறகு சுற்றுலா கார்களும் லாரிகளும் வரிசை கட்டி வந்தன.

பலே வியாபாரம்!

டெக்சாஸ் பக்கத்து மாவட்டத்தில் அப்போது மதுவிலக்கு. எனவே, ‘பார்’ நியூ மெக்சிகோ பக்கம்! நியூ மெக்சிகோவில் பெட்ரோல் வரி அதிகம். எனவே, பங்க் எல்லாம் டெக்சாஸ் பக்கம்! குடிமகன்கள் ஒரு பக்கமும், டிரைவர்கள் மறுபக்கமும் மொய்த்தார்கள்.

கடிகாரத்திலும் தகராறு உண்டு. டெக்சாஸ் பக்கம் மணி 8 என்றால், நாலு அடி தள்ளி மறுபக்கம் மணி 7தான்.

அங்கிருந்த லாட்ஜின் போர்டு பிரபலமானது. ஒரு பக்கம் பார்த்தால், ‘டெக்சாசில் முதல் லாட்ஜ்’. திரும்பிப் பார்த்தால், ‘டெக்சாசில் கடைசி லாட்ஜ்’. இரண்டுமே உண்மை!

கொன்றது யார்?

வெள்ளம் வரவில்லை. கொள்ளை நோய் வரவில்லை. பேய் பிசாசும் இல்லை. வந்தது, ஒரு புது ரோடு!

1956-ல் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது, நாடு முழுவதும் அதிவேக நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. அதன்படி 1970-களில் 40-ம் நம்பர் சாலை ஊருக்கு வடக்கே ஒதுங்கிப் போனது. இந்த வகை ரோட்டில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அதற்கென்று விட்ட வழியில்தான் இறங்க வேண்டும்.

இறங்க யாருக்கு நேரம்? கார்கள் ‘சர்’ரென்று பறந்தன. கல்லாப் பெட்டி காலியானது. ஒவ்வொரு கடையாக ‘டப் டப்’ என்று கதவை மூடியது. 1980-ல் ரெயில் கம்பெனியும் மூடப்பட்டது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து விட்டார்கள். 1985-ல் 66-ம் நம்பர் ரோடே அரசாங்கப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

யாரும் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. யாரும் கடையை இடிக்கவில்லை. வாடிக்கையாளர் வரும் வழி கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்!

இப்போது என்ன?

2007-ல் இந்த ஊர் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பார்க்க வருகிறவர்கள், டெக்சாஸ் பக்கம் புது ரோட்டில் ‘0’ நம்பர் வழியில் இறங்க வேண்டும். கூரை சரிந்த கட்டிடங்கள், எலும்புக் கூடாக நிற்கும் போர்டு, புல் முளைத்த தார் ரோடு. இதுதான் காட்சி. உள்ளே நுழைவது ஆபத்து. வெளியே நின்று பார்ப்பதே நல்லது.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. நியூ மெக்சிகோவில் 2022 முதல் கஞ்சா விற்பனைக்கு அனுமதி உண்டு. டெக்சாசில் அப்படிக் கிடையாது. உடனே நியூ மெக்சிகோ பக்கம் கஞ்சாக் கடை முளைத்து விட்டது!

ஊர் செத்தாலும் எல்லைக் கோட்டு வியாபாரம் சாகவில்லை.