ஒரே நட்டில் ஓடும் சக்கரம்! காற்றில் எழும் கார்!

கார் சக்கரம் ஒன்றைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பழகிய கை என்றால் பத்து நிமிடம். பழகாத கை என்றால் அரை மணி. நட்டு துருப்பிடித்து இறுகி இருந்தால் கேட்கவே வேண்டாம். பொழுது போய்விடும்!

ஆனால் நான்கு சக்கரங்களையும் 1.80 வினாடியில் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மெக்லாரன் குழுவினர் இந்தச் சாதனையைச் செய்தார்கள். நாம் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் நான்கு பழைய சக்கரங்கள் வெளியே, நான்கு புதிய சக்கரங்கள் உள்ளே!

இது என்ன மந்திரமா? இல்லை. இருபது பேரின் பயிற்சி ஒரு பக்கம். சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு என்பது இன்னொரு பக்கம்.

மாட்டு வண்டியின் கடையாணி

நம் வீட்டுக் காரின் சக்கரத்தை நான்கு அல்லது ஐந்து நட்டுகள் பிடித்திருக்கின்றன. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளில் ஒரு சக்கரத்துக்கு எட்டு, பத்து நட்டுகள் உண்டு. பந்தயக் காருக்கோ நடுவில் ஒன்றே ஒன்றுதான். அதனால் இதை 'சென்டர் லாக்' சக்கரம் என்கிறார்கள்.

நமக்கு இது புதுமை இல்லை. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சின் நுனியில் ஒரே ஒரு கடையாணி. அதை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். உருவம் சிறியது என்று யாரையும் இகழக் கூடாது என்பதற்குத் திருவள்ளுவரே தேரின் அச்சாணியைத்தான் உவமை காட்டினார்.

மோட்டார் காருக்கு இந்த வழி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் சைக்கிள் செய்துவந்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி ஒற்றை நட்டுச் சக்கரத்தைச் செய்தது. நட்டின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டினால் கழலும், எதிர்ப்பக்கம் தட்டினால் இறுகும்.

பாரம் யார் மேல்?

ஐந்து நட்டு செய்யும் வேலையை ஒரு நட்டு எப்படிச் செய்கிறது?

சக்கரத்தின் உட்புறம் குழிகள் இருக்கும். வண்டியின் அச்சு முகப்பில் தடித்த முளைகள் இருக்கும். முளை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டியை முன்னே தள்ளும் விசையும், பிரேக் பிடிக்கும் விசையும் இந்த முளைகள் மேல் விழுகின்றன. நட்டின் வேலை சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வது. நட்டு தானாகத் திரும்பிவிடாமல் இருக்க ஒரு பூட்டும் உண்டு.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? போர்ஷே 911 ஜிடி3 காரில் இந்த நட்டை 600 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியை நட்டில் மாட்டி, அதன் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நின்றால் எவ்வளவு பலமோ அவ்வளவு! வீட்டுக் காரின் ஒரு நட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 வரை போதும். அதே கம்பியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோ தொங்கினால் சரி.

இடப் பக்கத்து நட்டையும் வலப் பக்கத்து நட்டையும் மாற்றி மாட்டக் கூடாது. அதற்காகப் போர்ஷே காரில் இடப் பக்கத்து நட்டுக்குச் சிவப்பும், வலப் பக்கத்து நட்டுக்கு நீலமும் பூசியிருக்கிறார்கள்.

காற்று தூக்கும் கார்

நட்டு ஒன்றாகிவிட்டது. காரைத் தூக்குவது யார்?

நாம் ஜாக்கி வைத்துத் தூக்குகிறோம். ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கை ஜாக்கியால்தான் தூக்குகிறார்கள். ஆனால் இருபத்து நான்கு மணி நேரம் ஓடும் நெடும் பந்தயங்களில் ஜாக்கி காருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது!

காரின் அடியில் மூன்று அல்லது நான்கு குழாய்கள் நட்டுக்குத்தாக நிற்கும. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காரின் உடம்பில் ஒரே ஒரு துளை. ஓர் ஆள் ஓடிவந்து காற்றுக் குழாயை அந்தத் துளையில் செருகுவார். புஸ்! தண்டுகள் தரையை உதைக்கும். கார் நின்ற இடத்திலேயே எழும். சக்கரம் மாற்றியதும் காற்றைத் திறந்துவிட்டால் தொப்பென்று இறங்கும்.

காற்றுக்கு இத்தனை பலமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம் பவுண்டு. இந்த ஜாக்கிக்குத் தரும் காற்றின் அழுத்தம் அதைப் போல் பதிமூன்று, பதினான்கு மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. தண்டின் முகம் 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தண்டு 600 கிலோ தூக்கும். மூன்று தண்டுகள் 1,800 கிலோ. பந்தயப் போர்ஷே காரின் எடையோ 1,260 கிலோ அளவுதான். பிறகு எழாமல் என்ன செய்யும்?

2025ஆம் ஆண்டு ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தக் குழுவின் கார் இந்த வகைப் போர்ஷேதான். நடுவில் ஒற்றை நட்டு, வயிற்றுக்குள் காற்று ஜாக்கி. இரவும் பகலும் ஓடும் பந்தயத்தில் பல முறை டயர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் மிச்சமானால் முடிவில் அது ஓர் இடமாக முன்னேறித் தரும்.

ஒன்று கழன்றால்?

ஐந்து நட்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற நான்கு கொஞ்ச நேரம் தாங்கும். ஒரே நட்டு தளர்ந்தால்?

2013 ஜூலையில் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் மைதானத்தில் அது நடந்தது. மார்க் வெப்பரின் கார் டயர் மாற்றிக்கொண்டு புறப்பட்டது. ஒரு பின்சக்கரம் சரியாக மாட்டப்படவில்லை. அது கழன்று, துள்ளி உருண்டு, அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மேல் மோதியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பும் விலா எலும்பும் முறிந்தன. உயிர் தப்பினார்.

தலைகீழான கதையும் உண்டு. 2021 மே மாதம் மொனாக்கோவில் வால்டேரி போட்டாஸின் காரை டயர் மாற்ற நிறுத்தினார்கள். இயந்திர ஸ்பானர் சரியாக உட்காரவில்லை. சுற்றிய வேகத்தில் நட்டின் முனைகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. என்ன செய்தும் கழலவில்லை! பந்தயத்தையே விட்டுவிட்டார்கள். சக்கரத்தோடு கார் இங்கிலாந்துக்குப் போனது. தொழிற்சாலையில்தான் அதைக் கழற்றினார்கள்.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு வரை இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காகவாவது அவன் கயிற்றைக் கைவிட மாட்டான் அல்லவா! ஒற்றைக் கயிற்றை நம்பினால், அதைப் பிடிப்பவர் கண் அசரக் கூடாது. ஒற்றை நட்டும் அப்படித்தான்.

நம் காருக்கு வேண்டுமா?

இப்போது இளைஞர்கள் சிலர் தங்கள் காருக்கும் இவற்றை மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அழகுக்கு நடுவில் ஒரு மூடி ஒட்டிக்கொள்வது வேறு. அதனால் கெடுதல் இல்லை. உண்மையாகவே மாட்டுவது வேறு.

சரியாகச் செய்ய வேண்டுமானால் அச்சு முகப்பையே மாற்ற வேண்டும். சிலர் பழைய ஐந்து போல்ட்டுகளின் மேல் இன்னொரு துண்டை வைத்து, அதன் மேல் ஒற்றை நட்டுச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்கின் மேல் பாரம் கூடும். காற்று ஜாக்கிக்கு அடித்தளத்தை அறுத்து இடம் செய்ய வேண்டும். பந்தயக் குழுவினர்கூட, காற்று இறங்கினாலும் கார் விழாதபடி தண்டுக்குத் தடுப்புப் பூட்டாமல் அதன் அடியில் கை வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நள்ளிரவில் எட்டயபுரம் சாலையில் பஞ்சர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நட்டைக் கழற்றும் ஸ்பானர் எந்தப் பஞ்சர் கடையில் இருக்கும்? ஜாக்கிக்கு வேண்டிய காற்றை யார் தருவார்?

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பந்தய ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. அதற்குரிய காரை அங்கே ஓட்டலாம்.

கற்றுக்கொள்ள வேண்டியது

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டு 4 முதல் கார் தொழிற்சாலையே இயங்குகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி இங்கே மின்சாரக் கார்களை உருவாக்குகிறது. உப்பளமும் உப்புக் காற்றும் உள்ள ஊரில் கார்கள் பெருகுகின்றன. உப்புக் காற்று முதலில் கடிப்பது இரும்பைத்தான்.

ஆகவே பந்தயக்காரர்களின் நட்டு நமக்கு வேண்டாம். அவர்களுடைய கவனம் வேண்டும்.

நட்டுகளை வரிசையாக இறுக்காதீர்கள். ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை இறுக்குங்கள். முதலில் பாதி, காரை இறக்கிய பிறகு முழுவதும். ஸ்பானர் மேல் ஏறி மிதிக்காதீர்கள். போல்ட்டு இழுபட்டு பலம் இழக்கும். புதிதாக மாட்டிய சக்கரத்தை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் நுழையாதீர்கள்.

வீட்டில் கார் இருந்தால், பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா? நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் இருக்கிறதா? ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?