மோட்டார் விசிறி நீரில் இருக்கிறதா, காற்றில் சுழல்கிறதா?

சென்ற பள்ளி விடுமுறையில் மாமாவுடன் தெமெங்கோர் ஏரிக்கு மீன்பிடிக்கச் சென்றேன். 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது காடு மூழ்கி உருவான ஏரி இது. பட்டுப்போன மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்க்கலாம். தோமான் மீனைத் தேடுபவர்கள் அந்த மரங்களை ஒட்டித்தான் படகைச் செலுத்துவார்கள்.

மாமாவின் 14 அடி ஃபைபர் படகின் முன்முனையில் புதிய டிரோலிங் மோட்டார் ஒன்று இருந்தது. பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் அது. மீன் இருக்கும் இடத்தை நெருங்கியதும் பெட்ரோல் எஞ்சினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் படகை நகர்த்த இது உதவும். காலையில் நன்றாகவே ஓடியது. மாலையில் காற்று வீசி அலை எழுந்தது. முன்முனை மேலும் கீழும் ஆடத் தொடங்கியதும் மோட்டார் 'விர்ர்' என்று கத்தியது. ஆனால் படகு நகரவில்லை. காற்று எங்களை மரக்கட்டைகளின் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. மாமா பெட்ரோல் எஞ்சினை அவசரமாக இழுத்து முடுக்கியதால் மோதாமல் தப்பினோம்.

"பேட்டரி போயிடுச்சு போல" என்றார் மாமா. இல்லை, பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரின் தண்டுதான் போதிய நீளம் இல்லை. "14 அடி படகுதானே, 36 அங்குலம் போதும்" என்று படகின் நீளத்தை வைத்து அவர் அதை வாங்கியிருந்தார். பலரும் செய்யும் தவறு இது.

ஏன் நகரவில்லை?

மோட்டாரின் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அதற்கு எதிர்வினையாகப் படகு முன்னால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. எவ்வளவு நிறையுள்ள தண்ணீரை விசிறி தள்ளுகிறதோ, அதற்கேற்ப உந்துவிசை கிடைக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் நிறை 1,000 கிலோகிராம். அதே அளவு காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம்தான். அதாவது, தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. விசிறி நீர்மட்டத்திற்கு மிக அருகில் சுழன்றால் மேலிருந்து காற்றை உறிஞ்சிவிடும். காற்றுக்குமிழ்கள் கலந்த நீரில் விசிறிக்குப் பிடிமானம் இல்லை. எதிர்ப்பு குறைவதால் மோட்டார் வேகமாகச் சுழலும், உந்துவிசையோ சரிந்துவிடும். அந்தச் சத்தத்தில் மீனும் ஓடிவிடும்.

எதை அளக்க வேண்டும்?

மோட்டாரைப் பொருத்தும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். படகின் நீளம் இதற்கு உதவாது. அளக்கும்போது படகு தண்ணீரில் இருக்க வேண்டும். எஞ்சின், எண்ணெய், பேட்டரி, ஆட்கள் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்க வேண்டும். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நினைவிருக்கிறதா? ஏற்றிய சுமைக்குச் சமமான எடையுள்ள நீரைப் படகு விலக்கியாக வேண்டும். அதனால் சுமை ஏற ஏறப் படகு தாழும். ஆனால் எஞ்சினும் ஆட்களும் பின்பக்கம் இருந்தால், பின்பக்கம் தாழ்ந்து முன்முனை உயரும். படகு தரையில் இருக்கும்போது அளந்தால் இது தெரியாது.

மாமாவின் படகில் நாங்கள் அளந்த உயரம் 22 அங்குலம். இப்போது கணக்கைப் பாருங்கள். மோட்டாரின் தலைப்பகுதி தடையின்றித் திரும்பவும் மடங்கவும், தண்டில் சுமார் 9 அங்குலம் பொருத்தும் இடத்திற்கு மேலே வேண்டும். விசிறியின் ஆரம் சுமார் 5 அங்குலம். விசிறியின் மேல்விளிம்பு நீருக்குள் குறைந்தது 6 அங்குலமாவது மூழ்கியிருக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் 20. ஆகவே, அளந்த உயரத்தோடு 20 அங்குலத்தைச் சேர்த்துக்கொள்வது நல்ல விதி. 22-உம் 20-உம் 42. மாமாவிடம் இருந்த 36 அங்குலத் தண்டில், விசிறியின் மேல்விளிம்பு சரியாக நீர்மட்டத்திலேயே இருந்திருக்கிறது!

அலைக்கு எவ்வளவு?

42 அங்குலம் அமைதியான நீருக்குப் போதும். அலையில் படகு நடுப்பகுதியை மையமாக வைத்து ஆடுகிறது என்று கொள்வோம். நடுவிலிருந்து முன்முனை வரை 7 அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர். படகு 5 பாகை சாய்ந்தால், 2.1-ஐ சைன் 5 பாகையால் பெருக்க, முன்முனை சுமார் 18 சென்டிமீட்டர், அதாவது 7 அங்குலம் உயரும். நாம் விட்டிருந்த 6 அங்குலம் அதில் போய்விடும். தெமெங்கோர், கென்யிர் போன்ற அகன்ற ஏரிகளுக்கும் கடலோரத்திற்கும் மேலும் 5, 6 அங்குலம் சேர்ப்பது நல்லது. மாமாவுக்குத் தேவைப்பட்டது 48 அங்குலத் தண்டு.

தாழ்வான கயாக்கில் மோட்டார் பொருத்தும் இடம் நீரிலிருந்து 10 அங்குலம் என்றால் 30 அங்குலமே போதும். பின்பலகையில் பொருத்துபவர்களும் அந்த இடத்தின் உயரத்தை இதே முறையில் அளக்கலாம். பின்பக்கம் பொதுவாக நீருக்கு நெருக்கமாக இருப்பதால் குட்டையான தண்டே போதுமானதாக இருக்கும்.

அப்படியானால் 60 அங்குலமே வாங்கிவிடலாமா? வேண்டாம். விசை தண்டின் அடிமுனையில் செயல்படுகிறது. பொருத்தும் இடத்திலிருந்து அந்த முனை எவ்வளவு தூரமோ, அவ்வளவு திருப்புத்திறன் அங்கே விழும். 55 பவுண்டு உந்துவிசை சுமார் 245 நியூட்டன். முனை அரை மீட்டர் கீழே இருந்தால் திருப்புத்திறன் 122 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கீழே இருந்தால் 245. தாங்கிக்கும் படகின் ஓரத்திற்கும் அது பெரும் சுமை. ஆழமாக இறங்கும் விசிறி மூழ்கிய கட்டைகளிலும் எளிதாக மோதும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சற்று நீளமானதை எடுங்கள். ஆழமில்லாத இடத்தில் தண்டை மேலே தூக்கி இறுக்கிக்கொள்ளலாம். குட்டையான தண்டை அப்படி நீட்ட முடியாது.

கடைக்குப் போகும் முன் படகை நீரில் இறக்கி, வழக்கமான சுமையோடு அளவு நாடாவைப் பிடித்துப் பாருங்கள். பாதுகாப்பு மிதவை அங்கியைப் போட்டுக்கொண்டே அளந்தால் இன்னும் நல்லது. மாமா இப்போது 48 அங்குலத் தண்டோடு ஏரிக்குப் போகிறார். காற்று வீசினாலும் படகு அவர் சொன்ன திசையில்தான் போகிறது.